ஸஃபர் மாதத்து நன்றிக் கணக்கு



உங்கள் இல்லத்தில் மாதக் கணக்கு எழுதும் வழக்கம் உண்டா? பால்காரருக்கு இவ்வளவு, மளிகைக் கடைக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இவ்வளவு என்று மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடாத குடும்பத் தலைவி நம்மில் யார்? கொடுத்ததை எழுதி வைக்கிறோம். கொடுக்க வேண்டியதையும் மறவாமல் எழுதி வைக்கிறோம். ஆனால், விலை கொடுக்காமலே நம் வாசலுக்கு வந்து சேர்ந்தவற்றை எழுதி வைப்பதற்கு நம்மில் எவரிடமேனும் ஒரு நோட்டு இருக்கிறதா?

அப்படியொரு நோட்டினை ஒரே ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். அது எந்த மாதம் தெரியுமா? நம் பெரியவர்களில் பலர் 'பீடை மாதம்' என்று அஞ்சி ஒதுக்கும் ஸஃபர் மாதம்! அந்த நோட்டு எனக்குக் கற்றுக் கொடுத்ததை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

அச்சம் குடிகொண்ட வீடு

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட வளமான பூமியில், கும்பகோணத்திலிருந்து அணைக்கரை செல்லும் சாலையில் இருக்கிறது திருப்பனந்தாள். காசி மடத்தால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல் வயல்கள். அவற்றுக்கு நீர் தரும் மண்ணியாறு. இவ்வூரில்தான் எங்கள் குடும்பம் வாழ்ந்து வருகிறது. மூன்று மா நிலமும், வளைகுடாவில் ஒரு கடையில் என் கணவர் பார்க்கும் வேலையும் எங்களுக்கு அல்லாஹ் அளித்துள்ள வாழ்வாதாரம்.

ஹிஜ்ரி 1445, ஸஃபர் மாதத்தில் என் மாமனார் வஃபாத்தானார்கள். அது 2023ஆம் ஆண்டு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை வழக்கம்போல் திறக்கப்பட்டிருந்தும், போதிய நீர் வராமல் டெல்டாவின் பல பகுதிகளில் குறுவைப் பயிர் வாடிக்கொண்டிருந்த காலம். வெளியே வயல் காய்ந்தது. உள்ளே வீடு இருண்டது. நாற்பத்தாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரைப் பறிகொடுத்த என் மாமியார், இத்தா முடிந்து வெளியே வந்த பின்னரும் முன்போல் பேசவில்லை.

அடுத்த ஆண்டு முஹர்ரத்தில் என் கணவர் விடுமுறையில் வந்தார். ஸஃபர் பிறை பத்தில் அவர் திரும்பிச் செல்லப் பயணச் சீட்டு எடுத்திருந்தது. அதனை அறிந்ததும் மாமி சொன்னார்கள்: "போன ஸஃபர் உன் மாமாவைக் கொண்டு போயிற்று. இந்த ஸஃபரில் என் பிள்ளையைப் பயணம் அனுப்ப மாட்டேன்."

விடுமுறை முடிந்து ஒரு நாள் தாமதித்தாலும் வேலை போய்விடும் நிலை. அன்னையின் கண்ணீர் ஒரு பக்கம்; பிழைப்பு மறு பக்கம். நீங்களே சொல்லுங்கள், அந்த மகன் என்ன செய்வார்? மாமியிடம் வாதாட எனக்கும் மனம் வரவில்லை. கணவரை இழந்த பெண்ணின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடியுமா?

பீடை எங்கிருந்து வந்தது?

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் கணவர் யோசனை கேட்டார். அவர்கள் மாமியைக் கடிந்து பேசவில்லை. அந்த அச்சம் எங்கிருந்து பிறந்தது என்பதைத்தான் முதலில் விளக்கினார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு ஸஃபர் மாதத்தின் கடைசியில்தான் தங்களது இறுதி நோயில் வீழ்ந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அதனால் அந்த மாதத்தின் மீது மக்களுக்கு ஒரு துயரம் படிந்தது. காலப்போக்கில் துயரம் அச்சமாயிற்று, அச்சம் வழக்கமாயிற்று. தென்னிந்திய முஸ்லிம்களின் வழக்கங்களை விவரித்து 1832இல் லண்டனில் வெளியான 'கானூனே இஸ்லாம்' என்னும் நூலிலேயே ஸஃபரின் முதல் பதின்மூன்று நாட்களைப் பீடையாகக் கருதியதும், கடைசிப் புதன்கிழமையில் இறை வசனங்களை இலையில் எழுதிக் கரைத்துக் குடித்ததும் சொல்லப்பட்டிருக்கின்றன. நம் பாட்டிமார் 'ஒடுக்கத்துப் புதன்' என்று மாவிலையைத் தேடி அலைந்தது புதிய பழக்கம் அன்று.

ஆனால், எந்தப் பெருமானாரின் பிரிவை எண்ணி இந்த அச்சம் பிறந்ததோ, அந்தப் பெருமானாரே ஸஃபரில் பீடை இல்லை என்று தெளிவாக அருளியிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது. ஷவ்வால் மாதத்தில் திருமணம் செய்வது ஆகாது என்று அன்றைய அரபியர் நம்பினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, தமக்கு அந்த ஷவ்வாலில்தான் திருமணம் நடந்தது என்றும், தம்மைவிடப் பெருமானாருக்கு உவப்பான மனைவி யார் என்றும் கேட்டதாக முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

ஹஜ்ரத் அவர்கள் கடைசியாகச் சொன்ன செய்திதான் மாமியின் உள்ளத்தைத் தொட்டது. பெருமானாரின் அருமைச் செல்வர் இப்ராஹீம் (ரலி) மழலைப் பருவத்தில் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அது கி.பி. 632 ஜனவரி 27ஆம் நாள் என்று வானியல் கணக்குக் கொண்டு ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். குழந்தையின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மகனை மண்ணில் வைத்த தந்தைக்கு அந்தப் பேச்சு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! ஆயினும் அதனை அவர்கள் ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய மரணத்திற்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவை இருள்வதில்லை என்று மக்களைத் திருத்தினார்கள்.

மாமி நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "போய் வரட்டும். ஆனால் எனக்குப் பயம் போகவில்லை" என்றார்கள். அந்த உண்மையான சொல் எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவு மகளின் பழைய நோட்டு ஒன்றில் மிஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்துத் தைத்தேன். "மாமி, இந்த மாதம் என்ன கொண்டு போகிறது என்று பார்க்க வேண்டாம், என்ன கொண்டு வருகிறது என்று நாள்தோறும் ஒரு வரி எழுதுவோம். இஷாத் தொழுகைக்குப் பின் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்" என்றேன். மறுக்கவுமில்லை, சரி என்று சொல்லவுமில்லை.

முப்பது நாள், முப்பது வரி

சகோதரிகளே, அந்த வரிகளில் அதிசயம் எதையும் தேடாதீர்கள். உங்கள் வீட்டிலும் நாள்தோறும் நடப்பவையே அவை.

பிறை இரண்டு: எங்கள் வயல் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. இந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பெரிய ஏற்பாடு இருக்கிறது, பாருங்கள்! 2024ஆம் ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. திறக்கும் அளவுக்கு நீர் இல்லை. நாற்பத்தாறு நாள் தாமதித்து, கர்நாடகத்து மலைகளில் பெய்த மழை வந்த பின் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை தன் முழு உயரமான 120 அடியை எட்டியது. ஆகஸ்டு தொடக்கத்தில் நொடிக்கு லட்சம் கன அடிக்கும் மேல் வெளியேறிய வெள்ளம் கொள்ளிடத்தில் பாய்ந்தது. மேட்டூரிலிருந்து முக்கொம்பு, முக்கொம்பிலிருந்து கல்லணை, கல்லணையிலிருந்து காவிரி, காவிரியிலிருந்து மண்ணியாறு, அதிலிருந்து எங்கள் வாய்க்கால். எங்கோ பெய்த மழை இத்தனை மதகுகளையும், இத்தனை மனிதர்களின் கைகளையும் கடந்து மூன்று மா நிலத்தைத் தேடி வந்திருக்கிறது.

பிறை ஐந்து: நாற்றங்காலில் சி.ஆர். 1009 விதை விட்டோம். எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், "மாதம் பிறந்ததும் விதைக்க வேண்டுமா?" என்று மாமி கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டு, "அம்மா, ஆறு பிறை பார்த்தா வருது? தண்ணீர் வந்த நேரம்தான் நல்ல நேரம்" என்றார். இந்தப் பதிலை அப்படியே நோட்டில் எழுதினேன்.

பிறை ஆறு: நீர் ஏற்றும் மோட்டார் பழுதானது. எதிர்வீட்டு அம்மா தம் வீட்டுக் குழாயிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் கொடுத்தார்கள். தம் மகனின் நிச்சயதார்த்தத்தை ஆடி முடியட்டும் என்று தள்ளி வைத்திருப்பவர்கள் அவர்கள். "உங்களுக்கு ஆடி, எங்களுக்கு ஸஃபர்" என்று மாமி சொல்ல, இருவரும் சிரித்தார்கள். ஓராண்டுக்குப் பின் மாமி சிரித்துக் கேட்டது அன்றுதான். அதுவும் எழுதப்பட்டது.

பிறை பத்து: அதிகாலையில் கணவர் புறப்பட்டார். வாடகைக் கார் அணைக்கரைச் சாலையைத் தொடும் முன்பே, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டதாகத் தொலைபேசியில் அழைத்தார். ஓட்டுநர் முகம் சுளிக்காமல் வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்தார். வேளை கெட்ட வேளையில் திரும்பி வருவதைச் சகுனமாகப் பார்க்காமல், மகனை இன்னொரு முறை பார்க்கக் கிடைத்த வாய்ப்பாக மாமி எடுத்துக்கொண்டார்கள்.

பிறை பதினொன்று: நலமாகப் போய்ச் சேர்ந்த செய்தி.

பிறை பதின்மூன்று: மகளுக்குக் காய்ச்சல்.

கடினமான வரிகள்

அந்தப் பதின்மூன்றாம் நாள் இரவில் எனக்குப் பேனா ஓடவில்லை. மாமி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய பார்வை சொல்லிற்று. பீடை நாட்கள் பதின்மூன்று என்பார்கள். இது பதின்மூன்றாவது நாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளம் நடுங்கிற்று. ஹஜ்ரத் சொன்னதெல்லாம் அறிவுக்குத் தெரியும். குழந்தையின் நெற்றி கொதிக்கும்போது நம் அறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது!

நான்கு நாட்கள் காய்ச்சல் விடவில்லை. இரத்தம் சோதித்தார்கள், அஞ்சும்படி ஒன்றும் இல்லை என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர், குழந்தைக்கு எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை நீர் கொடுக்க வேண்டும், எப்போது மீண்டும் அழைத்து வர வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டிலிருந்து ரசமும் குழைந்த சோறும் வந்தன. மூன்றாம் நாள் இரவு நான் அயர்ந்து உறங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால், முழங்கால் வலியால் தரையில் அமர முடியாத மாமி, தரையில் அமர்ந்து பேத்தியின் நெற்றியில் ஈரத் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்தது. அந்த இரவு நான் எழுத நினைத்த வரி இதுதான்: 'பார்த்தீர்களா, ஸஃபரில் நல்லதே நடந்தது!' எழுதப் போனவள் கையை நிறுத்திக்கொண்டேன்.

ஏன் நிறுத்தினேன்? சகோதரிகளே, இங்குதான் நீங்கள் என்னோடு சேர்ந்து சிந்திக்க வேண்டும். நல்லது நடந்ததால் இது நல்ல மாதம் என்று நான் எழுதினால், நாளை ஒரு துயரம் வந்தால் இது கெட்ட மாதம் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டாமா? அப்படியானால் மாமியின் அச்சத்திற்கும் என் மகிழ்ச்சிக்கும் என்ன வேறுபாடு? இருவரும் மாதத்தின் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்!

நன்றி என்பது நல்ல காலத்திற்கு நாம் கொடுக்கும் கூலி அன்று. காய்ச்சல் விட்டதற்கு மட்டும் நன்றி சொன்னால், காய்ச்சல் அடித்த நான்கு நாட்களும் நம்மைத் தாங்கிய கைகள் கணக்கில் வராமலே போய்விடும். எனவே, 'காய்ச்சல் விட்டது, அல்ஹம்துலில்லாஹ்' என்று எழுதி, அதன் கீழே செவிலியரையும், எதிர்வீட்டு ரசத்தையும், தரையில் அமர்ந்த மாமியையும் எழுதினேன்.

ஒடுக்கத்துப் புதன்

2024 செப்டம்பர் 4ஆம் தேதி, ஸஃபரின் கடைசிப் புதன்கிழமை வந்தது. மாவிலை கேட்பார்களோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இஷாவுக்குப் பின் நோட்டினை எடுத்ததும், "இன்று நான் சொல்கிறேன், நீ எழுது" என்றார்கள்.

அவர்கள் சொன்னது அந்த மாதத்தின் கணக்கு அன்று. முந்தைய ஆண்டு ஸஃபரின் கணக்கு!

"உன் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நடுச்சாமத்தில் தன் வண்டியைக் கொண்டு வந்தவர் பெயரை எழுது. குளிப்பாட்டியவர்கள் பெயரை எழுது. கப்ர் வெட்டியவர்களை எழுது. மூன்று நாள் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. யார் யார் சாப்பாடு கொண்டு வந்தார்கள் என்று எழுது. எதிர்வீட்டம்மா பிள்ளைகளைத் தன் வீட்டில் தூங்க வைத்தாள், அதை எழுது. இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் நீ எனக்குத் தலை வாரிவிட்டாய். அதையும் எழுது."

என் கண்கள் மறைத்தன, எழுத்துத் தெரியவில்லை. கணவரைக் கொண்டு போன மாதம் என்று மட்டுமே ஓராண்டு காலம் அவர்கள் நினைத்திருந்த அந்த மாதத்திற்குள், இத்தனை மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்! ஜஅஃபர் (ரலி) அவர்கள் போரில் ஷஹீதானபோது, துயரில் ஆழ்ந்த அந்தக் குடும்பத்திற்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த வழிமுறை பதினான்கு நூற்றாண்டு கடந்து, மண்ணியாற்றங்கரையில் ஒரு வீட்டுக்கு மூன்று நாள் சோறாக வந்து சேர்ந்திருக்கிறது. அதனை நாங்கள் உண்டோம். ஆனால் கணக்கில் எழுத மறந்திருந்தோம்.

மாமியின் துயரம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்றும் சில இரவுகளில் அழுகிறார்கள். ஆனால் அந்த மாதத்தின் பெயரைச் சொல்ல அஞ்சுவதில்லை.

சொல்லப்படாத நன்றி

மாதம் முடிந்த இரவில் நோட்டு முழுவதையும் மீண்டும் படித்தேன். அப்போது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினொரு வரிகளில் மாமி இருந்தார்கள். ஆறு வரிகளில் எதிர்வீட்டு அம்மா. ஐந்து வரிகளில் என் மகள். இத்தனை பேரையும் எழுதி வைத்த நான், அவர்களில் ஒருவரிடமேனும் வாய் திறந்து ஒரு சொல் சொன்னேனா?

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது நபிமொழி. அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருவது. எத்தனையோ முறை கேட்ட ஹதீஸ்தான். ஆனால், கடைக்காரருக்கும் அந்நியருக்கும் எளிதில் வரும் 'ஜஸாக்கல்லாஹ்' என்ற சொல், ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களிடம் வருவதில்லையே! மருமகள் மாமியாரிடம் நன்றி சொன்னால் அது நடிப்பாகிவிடுமோ என்று கூசுகிறோம். தாய் மகளிடம் சொன்னால் மரியாதை குறையுமோ என்று தயங்குகிறோம்.

நான் போய்ச் சொன்னேன். "மாமி, அன்று இரவு முழுதும் பிள்ளைக்கு ஈரத் துணி போட்டீர்கள். நான் பார்த்தேன். ஜஸாக்கில்லாஹு கைரா." அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதெல்லாம் ஒரு பேச்சா? போய்ப் படு" என்றார்கள். ஆனால், மறுநாள் காலை எனக்கு முன்பே எழுந்து எனக்குத் தேநீர் போட்டு வைத்திருந்தார்கள். பதினான்கு ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

உங்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஸஃபரில் விதைத்த நெல்லை ரஜபில் அறுத்தோம். நவம்பர் இறுதி மழையில் வயலில் நீர் நின்று ஒரு பகுதி வீணாயிற்று. எதிர்பார்த்த அளவு மூட்டை தேறவில்லை. தேறாத மூட்டைகளின் எண்ணிக்கை கடன் கணக்கில் இருக்கிறது. தேறியவற்றின் எண்ணிக்கை, தண்ணீரில் நின்று கதிரைக் காத்தவர்களின் பெயர்களோடு மற்ற நோட்டில் இருக்கிறது. இரண்டு கணக்கும் உண்மையே. ஒன்றை மட்டும் எழுதி வந்ததுதான் நம் தவறு.

நீங்களும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அதற்கென நல்ல மாதம் பார்த்துத் தொடங்க வேண்டாம். இன்று என்ன பிறையோ அதுவே போதும். ஒரு நாளைக்கு ஒரு வரி. பொதுவாக 'எல்லாம் நலம்' என்று எழுதாதீர்கள். எவருடைய கை வழியாக அந்த நலம் வந்தது என்று பெயரோடு எழுதுங்கள். துயரம் வந்த நாளையும் விடாதீர்கள். அன்றுதான் அதிகக் கைகள் நம்மைத் தாங்கியிருக்கும். மாதம் முடிந்ததும் அந்தப் பெயருக்கு உரியவர்களிடம் நேரில் சொல்லுங்கள். முதலில், உங்கள் வீட்டிற்குள் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

நன்றி செலுத்துவோருக்கு மேலும் அதிகப்படுத்துவதாகத் திருமறையின் இப்ராஹீம் அத்தியாயத்தில் வல்ல இறைவன் வாக்களிக்கிறான். எங்கள் வீட்டில் செல்வம் அதிகமாகவில்லை. ஆனால், முன்பு இருவர் மௌனமாக அமர்ந்திருந்த கூடத்தில் இப்போது இஷாவுக்குப் பின் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

காலத்தைப் பழிக்காமல், காலத்தின் சொந்தக்காரனுக்கும் அவன் அனுப்பி வைத்த நல்ல கைகளுக்கும் நன்றி பாராட்டும் இல்லங்களாக நம் இல்லங்களை ஆக்கி வைக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.